சித்தசுவாதீனம்: சொல் விளக்கம்

கிரயப் பத்திரத்தில் ‘சொத்தின் சுவாதீனத்தை ஒப்படைத்துவிட்டேன்’ என்று எழுதுகிறோம். உயிலில் ‘பூரண சித்தசுவாதீனத்துடன்’ என்று எழுதுகிறோம். இரண்டிலும் இருப்பது ஒரே சொல். ஸ்வ என்றால் தன், அதீனம் என்றால் வசம். சித்தம் மனத்தைக் குறிக்கிறது. ஆக, தன் மனம் தன் வசத்தில் இருப்பதே சித்தசுவாதீனம். குற்ற வழக்குகளில் ‘சித்தசுவாதீனம் இல்லாதவர்’ என்று எழுதும்போது, மனம் கைவிட்டுப் போனவர் என்றுதான் தமிழ் வாசகருக்குப் பொருள்படுகிறது. சட்டம் அந்தப் பொருளில் பேசவில்லை என்பதுதான் என் கவலை.

தமிழில் இதற்கு முன்பே சொற்கள் இருந்தன. பித்து, பித்தன், பைத்தியம் மூன்றுக்கும் வேர் பித்தம். உடலில் பித்தம் மிகுந்தால் மனம் கலங்கும் என்பது பழைய மருத்துவக் கருத்து. சுந்தரர் சிவனை ‘பித்தா’ என்று உரிமையோடு அழைத்தார். இன்று அந்தச் சொற்கள் வசையாகிவிட்டன. நீதிமன்றத்தில் ஒரு நோயாளியை அவற்றால் குறிப்பிடுவது தகாது. சித்தசுவாதீனம் என்ற வடசொல் நிலைத்ததற்கு அது வசை தொனிக்காத சொல்லாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மனம் பிறழ்ந்த நிலையில் செய்தது குற்றமாகாது என்ற எதிர்வாதத்துக்கு இடம் தந்தது 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆவது பிரிவு. எண் மாறியது, உள்ளடக்கம் மாறவில்லை. செயலைச் செய்த அந்த நேரத்தில், மனநிலைப் பிறழ்வு காரணமாக, தான் செய்வது என்ன செயல் என்பதையோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு முரணானது என்பதையோ அறிய இயலாத நிலையில் இருந்தவர் செய்தது குற்றமாகாது. ‘அறிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மனத்தைக் கட்டுப்படுத்த முடிந்ததா என்ற கேள்வி இந்தப் பிரிவில் எங்குமே இல்லை.

காரணம் 1843-இல் இருக்கிறது. அந்த ஜனவரியில், ஆளுங்கட்சியினர் தன்னைத் துரத்தித் துன்புறுத்துவதாக நம்பிய ஸ்காட்லாந்துக்காரர் டேனியல் மக்நாட்டன், லண்டனில் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். டிரம்மண்ட் சில நாட்களில் இறந்தார். மனநோய் காரணமாக மக்நாட்டன் விடுவிக்கப்பட்டபோது நாடே கொதித்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்துக் கேள்விகள் கேட்டது. அவர்கள் சொன்ன பதில்கள் ‘மக்நாட்டன் விதிகள்’ ஆயின. விதிகளின் மையம் அறிவுதான். உளமருத்துவம் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், ஊர்க்கொதிப்புக்கு நடுவே சொல்லப்பட்ட பதில்கள் அவை. இன்றும் நாம் அவற்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இதன் விளைவு எளிதில் புரியும். மனச்சிதைவு நோயாளி ஒருவர், கையில் இருப்பது கத்தி என்று தெரிந்தவர், கொலை குற்றம் என்றும் தெரிந்தவர். காதில் இடைவிடாமல் ஒலிக்கும் குரலின் கட்டளையை மீற அவரால் முடியவில்லை. சொல்லின் பொருள்படி அவர் சித்தசுவாதீனம் அற்றவர். சட்டப்பிரிவின்படி அவர் கொலைகாரர். மருத்துவம் சொல்லும் பிறழ்வு போதாது, சட்டம் கருதும் பிறழ்வு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவந்திருக்கிறது.

நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில்தான். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ்தகவு தன் பக்கம் இருப்பதாகக் காட்டினால் போதும் என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் வறிய குடும்பத்திடம் பழைய மருந்துச்சீட்டு இருக்குமா? 2002-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்த மகாராஷ்டிரக் காவலர் ஒருவரின் வழக்கில் அது இருந்தது. மனைவியைக் கொன்ற அவர் தப்பி ஓடவில்லை. அதற்கு முன்பே மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தார், பின்னரும் பெற்றார், தந்தைக்கும் மனநோய் இருந்தது. இந்த ஆவணங்கள் சேர்ந்து அவரைக் காப்பாற்றின. அதே நோயோடு மருத்துவமனை வாசலையே மிதிக்காதவருக்கு?

2023 ஆகஸ்டில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் முதல் மசோதா, ‘மனநிலைப் பிறழ்வு’ என்ற பழைய சொல்லை நீக்கி ‘மனநோய்’ என்று மாற்றியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்கு வரையறை தந்திருக்கிறது. அதில் மது, போதைப்பொருளால் வரும் மனநிலைகளும் அடங்கும். பொருள் மிகவும் விரிந்துவிடும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு ஆட்சேபித்தது. டிசம்பரில் பழைய சொல்லே திரும்பியது. குழுவின் அச்சம் நியாயமானதுதான். ஆனால் சொல்லை மாற்றலாமா என்று விவாதித்தவர்கள், ‘அறிதல்’ என்ற அளவுகோலைத் தொடவே இல்லை.

சிங்கப்பூர் தொட்டது. அங்கேயும் இதே 84-ஆவது பிரிவு, இதே ஆங்கிலேயர் விட்டுச்சென்ற வாசகம். 2019-இல் அதைத் திருத்தி, தன் செயலைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை முற்றிலும் இழந்தவருக்கும் விலக்கு தந்தார்கள். இங்கிலாந்தில் 1957 முதலே ‘குறைந்த பொறுப்புடைமை’ என்ற பகுதி எதிர்வாதம் இருக்கிறது. 2009-இல் அதைத் திருத்தியபோது தன்னடக்கம் பெருமளவு குலைவதையும் வெளிப்படையாகச் சேர்த்தார்கள். அது ஏற்கப்பட்டால் கொலைக்குற்றம் குறைந்த குற்றமாகும், தண்டனையை நீதிபதி நிலைமைக்கேற்ப முடிவுசெய்யலாம். இந்தியாவில் அந்த நடுவழி இல்லை. விலக்கு முழுமையாகக் கிடைக்கும், அல்லது கொலைக்குற்றம் அப்படியே நிற்கும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77-ஆவது பிரிவும் அறிதலையே அளவுகோலாகக் கொண்டது.

மனநோயாளியை வழக்கில் வைத்திருக்கும் முறையும் திருந்த வேண்டும். அசாமில் 1951-இல் கைதான ஒருவர், விசாரணையே நடக்காமல், மனநல மருத்துவமனையிலும் சிறையிலுமாக 2005 வரை கிடந்தார். 1967-இலேயே அவர் தேறிவிட்டதாக மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.

இனி, தமிழில் எந்தச் சொல்லை ஆளலாம்? இப்போதைய சட்டப்பிரிவைக் குறிக்க ‘மனநிலைப் பிறழ்வால் அறிய இயலாமை’ என்று விரித்து எழுதுவதே நேர்மையானது. அப்போது விலக்கின் எல்லை வாசகருக்குத் தெரியும். எதிர்வாதத்தைப் பொதுவாகக் குறிக்க ‘மனத்திறனின்மை எதிர்வாதம்’ பொருந்தும். மனநோய் என்பதை மருத்துவச் சொல்லாகவே விட்டுவிடலாம். சித்தசுவாதீனம் இன்மைக்கு நேரான தமிழ் ‘தன்வயமின்மை’. அதை இன்றைய 22-ஆவது பிரிவுக்குப் பெயராக வைக்கக் கூடாது. கட்டுப்பாட்டை இழந்தவருக்கும் விலக்கு தரும் திருத்தம் வரும்போது, அந்தத் திருத்தத்துக்கு உரிய பெயர் அது.