பர்ன்-அவுட்: எரிந்துபோவதா, தொய்ந்துபோவதா?

"பாஸ்டருக்கு பர்ன்-அவுட்டாம், மூன்று மாதம் லீவு." சபை வட்டாரங்களில் இப்போது சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. போதகர் மட்டுமல்ல, ஞாயிறு பள்ளி நடத்துபவர், பாடகர் குழுவைக் கவனிப்பவர், வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்காக ஜெபிப்பவர் என்று யாருக்கும் இந்தச் சொல் ஒட்டிக்கொள்கிறது. வெறும் களைப்பு என்றால் ஒரு நாள் நன்றாகத் தூங்கினால் தீர்ந்துவிடும். பர்ன்-அவுட் தூக்கத்தில் தீராதது. பிறருக்காகச் செய்யும் வேலை நீண்ட நாள் அழுத்தி அழுத்தி, கடைசியில் அந்தப் பிறரைப் பார்க்கவே பிடிக்காமல் போகும் நிலை.

இந்தச் சொல் இயந்திரங்களுக்கும் புழங்குவது. பல்பின் இழை கருகிப்போவதற்கும், மோட்டார் சுற்று தீய்ந்துபோவதற்கும், ராக்கெட்டில் எரிபொருள் தீர்ந்துபோவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அதை மனிதருக்கு ஏற்றி, ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். ஆண்டு 1974. அவர் பார்த்தது பெரிய நிறுவன ஊழியர்களை அல்ல, நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் சம்பளம் எதிர்பாராமல் உழைத்த தொண்டர்களை. போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கு உதவ ஆர்வத்தோடு வந்தவர்கள், நாளடைவில் எரிச்சலும் வெறுப்புமாக மாறியதை அவர் கவனித்தார். தனக்கும் அது நேர்ந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. சபைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பர்ன்-அவுட் ஏதோ ஐடி கம்பெனிச் சொல் என்று நினைக்கிறோம், ஆனால் அது முதலில் ஒட்டியது நம்மைப் போல மனமுவந்து சேவை செய்தவர்கள் மேல்தான்.

1981இல் உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் இதை அளக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அவர்கள் சொன்ன அடையாளங்கள் மூன்று: உள்ளம் வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராக அல்லாமல் ஒரு 'கேஸாக'ப் பார்ப்பது, நான் செய்ததில் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் புதிய பதிப்பில் இதைச் சேர்த்தபோது, இது நோய் அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலை என்று தெளிவாக வரையறுத்தது. சரி, வேலை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத ஊழியக்காரருக்கு அந்த வரையறை எப்படிப் பொருந்தும் என்பது வேறு கேள்வி.

இந்த உளவியல் பொருள் வருவதற்கு வெகு காலம் முன்பே, கிறிஸ்தவ வரலாற்றில் இதே ஆங்கிலச் சொல் நேர் எதிரான பொருளில் வந்திருக்கிறது. 1806இல் கல்கத்தா வந்து இறங்கிய ஆங்கிலேயப் போதகர் ஹென்றி மார்ட்டின், "இனி நான் தேவனுக்காக எரிந்து தீரட்டும்" என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். சொன்னபடியே ஆயிற்று. உருது, பாரசீக மொழிகளில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்துவிட்டு, 1812இல், 31 வயதில், இன்றைய துருக்கியில் உள்ள டோகாட் என்ற ஊரில் இறந்தார். எரிந்து தீர்வது அவருக்கு ஒரு ஜெபம், நமக்கோ அது விடுப்பு எடுக்கக் காரணம்.

தமிழில் பர்ன்-அவுட்டை 'எரிந்துபோதல்' என்று நேரடியாகப் பெயர்ப்பதில் உள்ள சிக்கலும் இதுதான். சபையின் காதில் 'எரிதல்' என்பது பாராட்டு. யோவான்ஸ்நானனைப் பற்றி இயேசு சொல்வது, "அவன் எரிந்து பிரகாசிக்கிற விளக்காயிருந்தான்" என்று. பக்திவைராக்கியம் என்னைப் பட்சித்தது என்கிறது சங்கீதம். துருப்பிடிப்பதைவிடத் தேய்ந்துபோவது மேல் என்று பிரசங்க மேடைகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்! இப்படிப் பழகிய ஒருவரிடம் "நீங்கள் எரிந்துபோகிறீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால், அவர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார். உள்ளூரச் சந்தோஷப்படுவார்.

அப்புறம் 'சோர்வு' இருக்கிறது. 'பணிச்சோர்வு' என்று அலுவலகக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள், அங்கே அது பொருந்தும். சபைக்குள் வந்தால் வேறு விதமாக இடிக்கும். "நன்மைசெய்கிறதில் சோர்ந்துபோகாமல் இருப்போமாக" என்று கலாத்தியருக்கு எழுதின நிருபம் சொல்கிறது. எனவே ஊழியக்காரர் தன் நிலைக்குச் சோர்வு என்று பெயர் வைத்தால், அது கட்டளையை மீறியதுபோல அவருக்கே உறுத்தும். வெளியே சொல்லாமல் மறைப்பார். 'மனச்சோர்வு' வேண்டவே வேண்டாம், அது டிப்ரஷன் என்ற தனி நோய்க்கு நிலைத்துவிட்ட சொல்.

இதோடு பழைய துறவிகள் பயன்படுத்திய 'அகேதியா' என்ற கிரேக்கச் சொல்லையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி 4ஆம் நூற்றாண்டில் அதைப் பற்றி எழுதினார். நடுப்பகலில் துறவிக்கு ஒரு சலிப்பு வரும், சூரியன் நகரவே இல்லைபோலத் தோன்றும், பகல் ஐம்பது மணி நேரம் நீண்டதுபோல இருக்கும். "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்று 91ஆம் சங்கீதத்தில் வருவதை அவர்கள் இந்தச் சலிப்போடு சேர்த்துப் பார்த்தார்கள். அருமையான கவனிப்புதான். ஆனால் அகேதியா செய்யும் வேலையில் ருசி போவது, பர்ன்-அவுட் தாங்க முடியாத சுமையால் வருவது. மருந்து ஒன்றல்ல. சலித்தவருக்கு 'அறையைவிட்டு ஓடாதே, இரு' என்பது அறிவுரை. சுமையில் நொடிந்தவரிடம் அதையே சொன்னால் கொடுமை.

பொருத்தமான சொல்லை நாம் புதிதாக உருவாக்கத் தேவையில்லை. நம் வேதாகமத்திலேயே கிடக்கிறது. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் மோசேயின் மாமன் எத்திரோ, மோசேயின் மனைவி சிப்போராளையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வனாந்தரத்துக்கு வருகிறார். மோசே மனைவியை முன்பே தகப்பன் வீட்டுக்கு அனுப்பியிருந்தார் என்பதை வசனம் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. மறுநாளே மோசே காலை முதல் சாயங்காலம்வரை உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளைக் கேட்கிறார். குடும்பம் வந்து ஒரு நாள்தான் ஆகிறது! எத்திரோ பார்த்துவிட்டு, நீர் செய்வது நல்லதல்ல என்கிறார். அடுத்து, "நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்."

தொய்ந்துபோதல். மூல எபிரெயத்தில் உள்ள வினை 'நாபேல்', வாடுவது, உதிர்வது. முதலாம் சங்கீதத்தில் "இலையுதிராதிருக்கிற மரம்" என்று வருகிறதே, அங்கேயும் இதே வினைதான். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் இலையை விட்டுவிட்டுப் பாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் அதே வசனம் "இது உமக்கு மிகவும் பாரமான காரியம்" என்று தொடர்கிறது. ஈரத்துணி அதிகமாகப் போட்ட கொடிக்கயிறு தொய்வதைப் பார்த்திருப்போம். கயிற்றில் குற்றமில்லை, சில துணிகளை எடுத்து வேறு கொடியில் போட்டால் அது நிமிரும். எரிந்ததற்கு அந்த வாய்ப்பு கிடையாது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பலமும் உண்டு. பர்ன்-அவுட் தனி ஆளின் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. எத்திரோவோ "நீரும் ஜனங்களும்" என்கிறார். நாள் முழுக்க வரிசையில் நின்றவர்களும் சேர்ந்தே தொய்கிறார்கள். அவர் கொடுத்த தீர்வில் விடுமுறை இல்லை, தியானம் இல்லை. ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்து பேருக்கு என்று தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் பந்திவிசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததும் அதே வழிதான். மனமொடிந்து சாக விரும்பிய தீர்க்கதரிசி எலியாவின் கதையும் அங்கேதான் போய் முடிகிறது. அவருக்கு முதலில் கிடைத்தது அடையும் தண்ணீரும் தூக்கமும், அதுவும் இரண்டு தடவை. ஆனால் "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்ற புலம்பலுக்குப் பதிலாகக் கிடைத்தவை இன்னும் ஏழாயிரம் பேர் உண்டு என்ற செய்தியும், எலிசா என்ற துணையும்.

எனவே 'பேலன்ஸ்' என்று நாம் சொல்லும்போது, ஒரு தட்டில் ஊழியம், மறு தட்டில் குடும்பம் என்று தராசு பிடிப்பதோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து. இரண்டையும் ஒரே ஆள் தூக்கினால் தட்டுகள் சமமாக இருந்தும் ஆள் தொய்வார். ஓய்வு முக்கியம்தான், "சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று சீஷரை அழைத்தவர் இயேசுவே. அந்த ஓய்வும் கூட்டம் முன்னாலேயே போய்க் காத்திருந்ததால் கலைந்துபோனது என்பதையும் மாற்கு எழுதுகிறார்.

ஒரு குறை இருக்கிறது. செய்தித்தாள்களில் 'தொய்வு' என்றால் வேலை மந்தமாக நடப்பது. 'ஊழியத்தில் தொய்வு' என்று எழுதினால் போதகர் சோம்பலாகிவிட்டார் என்றே படிப்பார்கள். அதனால் பெயர்ச்சொல்லாக இதைத் தனியே விடாமல் வினையாகவே புழங்குவது நல்லது: "அவர் தொய்ந்துபோயிருக்கிறார்", "நாம் அவரைத் தொய்ந்துபோக விட்டுவிட்டோம்". அலுவலகக் கடிதம் என்றால் 'பணிச்சோர்வு' போதும். வாரக்கணக்கில் தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, சாக வேண்டும் என்ற எண்ணம் என்று போனால் அது இந்த இரண்டு சொற்களுக்கும் அப்பாற்பட்டது, மருத்துவரிடம் போக வேண்டியது.