பிஸ்டன், முசலம், உலக்கை

பொல்கொட ஏரிப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் பழைய டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீயின் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "பிஸ்டன் இறுகிப் போச்சு" என்றார் பாஸ். கூட வந்த மருமகன் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறவன். கழற்றி வைத்ததைக் கையில் எடுத்துப் பார்த்து, "மாமா, இதுதானே முசலம்?" என்றான். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டியபோதுதான் இரண்டுக்கும் உள்ள உறவு விளங்கியது.

இடித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து இத்தாலியில் 'பிஸ்தோனே' பிறந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ப் பிஸ்டன் ஆனது. முசலமோ வடசொல், பொருள் உலக்கை. உலக்கையைப் படையாக ஏந்திய பலராமனுக்கு முசலி என்றே ஒரு பெயர் உண்டு. ஆக இத்தாலியர் கண்ணிலும் நம் பாடநூல் எழுதியவர்கள் கண்ணிலும் பட்டது ஒரே காட்சி: உரலுக்குள் ஏறி இறங்கும் உலக்கை. எஞ்சினின் சிலிண்டர் என்ற குழாய்க்குள் பிஸ்டன் ஏறி இறங்குவதும் அப்படித்தான்.

தமிழ்நாட்டில் உந்துதண்டு என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. பிஸ்டன் கவிழ்த்துவைத்த பேணி மாதிரி இருக்கும். தண்டு என்றால் அதன் கீழே பூட்டியிருக்கும் கொனெக்டிங் ரொட்தான் நினைவுக்கு வரும். எழுத்தில் முசலமே நல்லது. வடசொல் வேண்டாம் என்பவர்களுக்கு உலக்கை இருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் இந்த உவமை பொருந்தாது. உலக்கை உரலிலுள்ள நெல்லில் நேராகப் பட்டால்தான் குற்றலாம். பிஸ்டன் சிலிண்டர் சுவரை நேராகத் தொட்டால் எஞ்சின் போயிற்று. நடுவே மெல்லிய ஒயில் படலம் நிற்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் அடியில் ஒயில் தேங்கும் இடம் கிடையாது. பெற்றோலோடு உள்ளே வருகிற ஒயில்தான் எல்லாம். 50:1 கலவை என்றால் லீட்டருக்கு 20 மில்லிலீட்டர். கலந்து ஊற்றும் எஞ்சினில் கார்புரேட்டர் துளை அடைபட்டால் பெற்றோலும் குறையும், ஒயிலும் குறையும், சூடு ஏறும். அன்று பார்த்த பிஸ்டனின் பக்கவாட்டில் நெடுக்காகக் கீறல்கள். சூட்டில் விரிந்து சுவரை உரசியதன் தடம் அது.

மற்ற எஞ்சின்களில் வால்வு செய்கிற வேலையில் பெரும்பங்கு டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுடையதுதான். சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளை ஏறி இறங்கி மூடித் திறப்பது அதுவே. அதனால் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் பிளக்கைப் பார்த்துவிட்டுக் கொம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தத்தை, அளந்துவிடுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிஸ்டனையோ அதைச் சுற்றியிருக்கும் ரிங்கையோ சந்தேகப்படலாம்.

உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவும்போது முதலில் ஸ்டார்ட் பண்ணுங்கள், அப்புறம் குழாயைத் திறவுங்கள். நிறுத்தும்போது குழாயை மூடிவிட்டு உடனே எஞ்சினை அணையுங்கள். வரிசை மாறினால் புகை போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும்.

சரி, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் முசலம் என்று கேட்டால் விளங்காது. பிஸ்டன் என்றே கேளுங்கள். சிலிண்டரை அளந்து, சைஸை எழுதிக்கொண்டு போங்கள்.