மட்டம் தட்டுவது மோதல் ஆகாது: தொடர்கதை எழுதுவோருக்கு ஒரு திருத்துநரின் வேண்டுகோள்

தொடர்கதைப் பிரதிகளைத் திருத்தும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட். புதிதாகச் சேர்ந்த பெண் போட்ட கணக்கை மேனேஜர் எல்லோர் முன்னாலும் கிழித்து எறிகிறான். அவள் கண் கலங்குகிறது, அவனுக்குள் ஏதோ அசைகிறது. கதைக்குக் கீழே 'ஒரே அலுவலகம், இரு போட்டியாளர்கள், மோதலில் பிறந்த காதல்' என்று அறிமுகம். இந்த வாரமும் ஒன்று வந்திருக்கிறது. இனிப் பொதுவில் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் சம்பளம் அவன் கையில் இருக்கிறது. அவளால் திருப்பி ஒரு வார்த்தை பேச முடியாது. இதில் போட்டி எங்கே இருக்கிறது?

'வெறுப்பு எவ்வளவு கடுமையோ, பிறகு வரும் காதல் அவ்வளவு ஆழம்' என்று பலர் நம்புகிறார்கள். அதனால் முதல் பத்து அத்தியாயங்களில் நாயகன் திட்டுகிறான், விடுப்பு மறுக்கிறான், வேண்டுமென்றே இரவு வரை வேலை வாங்குகிறான், குடும்பத்தை இழுத்துப் பேசுகிறான். ஒவ்வொரு அவமானமும் வட்டியோடு காதலாகத் திரும்பும் என்று எழுதுகிறவர் நினைக்கிறார். திரும்பாது. வாசகி எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறாள். 30ஆம் அத்தியாயத்தில் அவன் பூங்கொத்தோடு வந்து நிற்கும்போது, 6ஆம் அத்தியாயத்தில் அவள் அப்பாவைப் பற்றி அவன் சொன்னதுதான் அவள் மனதில் ஓடும்.

இந்த வகைக் கதையில் மனதை இழுப்பது வெறுப்பு அல்ல, கவனம். வேலையிடத்தில் நம் வேலையை வரிவரியாகப் பார்ப்பது யார்? நண்பர்கள் பார்க்காமலேயே "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எந்த இடத்தில் அவசரப்பட்டோம், எங்கே உழைத்தோம் என்று போட்டியாளருக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வரும் ஒரு "சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" ஆயிரம் பாராட்டுக்குச் சமம். 1965இல் உளவியலாளர்கள் எலியட் அரான்சனும் டார்வின் லிண்டரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தங்களைப் பற்றி முதலிலிருந்தே நல்லதாகப் பேசியவரைவிட, முதலில் குறை சொல்லிப் பிறகு மெல்ல மெல்ல நல்லதாகப் பேசியவரையே அதில் பங்கேற்ற மாணவிகளுக்கு அதிகம் பிடித்திருந்தது. இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். மதிப்பிட்டவரும் ஒரு சக மாணவி, மேலதிகாரி அல்ல. மாற்றமும் படிப்படியாக வந்தது.

சமமான இருவர், இரண்டு பக்கமும் நியாயம் உள்ள ஒரு வேலைத் தகராறு. இந்த இரண்டும் இருந்தால் போதும். சேலத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வரிசி செய்யும் மரவள்ளிக் கிழங்குக்கு எடையோடு, அதில் மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் பாயிண்ட்டும் பார்த்துத்தான் விலை. கொள்முதல் பார்ப்பவன் காட்டுக்குப் போய் விவசாயியிடம் 28 பாயிண்ட் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறான். ஆலையில் பாயிண்ட் பார்ப்பவள் 25 என்று எழுதுகிறாள். அவள் 28 போட்டால் இல்லாத மாவுக்கு ஆலை பணம் கொடுக்கிறது. 25 என்றே விட்டால் அடுத்த வருஷம் அந்த ஊரில் அவன் கால் வைக்க முடியாது. கிழங்கு வெளியே லாரியில் நிற்கிறது. பறித்து இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும் என்பதால் முடிவை நாளைக்குத் தள்ளவும் முடியாது. இருவரும் முதலாளிக்கு நேரடியாகப் பதில் சொல்கிறவர்கள், ஒருவர் சம்பளத்தில் மற்றவர் கை வைக்க முடியாது.

"நான் குடுத்த வாக்கு என்னாகறது மேடம்?"

"நீங்க குடுத்த வாக்குக்கு நான் கையெழுத்துப் போட முடியுங்களா சார்?"

இந்த இரண்டு வரியில் இருக்கும் சூடு, கணக்கைக் கிழித்து எறிவதில் கிடையாது.

40 அத்தியாயத் தொடர் என்றால் கணக்கு இப்படி இருக்கட்டும். முதல் 10இல் அவளும் ஜெயிக்க வேண்டும், அவனும் ஜெயிக்க வேண்டும், ஆளுக்கு இரண்டு தடவையாவது. ஒருவரே ஜெயித்துக்கொண்டிருந்தால் அது வேட்டை. 12, 13 வாக்கில், அவள் இல்லாத இடத்தில் அவளுடைய வேலைக்காக அவன் பேசட்டும்; அது அவளுக்கு உடனே தெரியக் கூடாது. நடுப்பகுதியில் இருவரையும் ஒரே பக்கம் நிறுத்தும் நெருக்கடி ஒன்று வேண்டும். எடைமேடைக் கணக்கில் யாரோ கை வைத்திருக்கலாம். அதை அவள் தனியாகவோ அவன் தனியாகவோ தீர்க்க முடியக் கூடாது. 25க்கு முன்னால் தொடுதல் வேண்டாம். பிரதிகள் பெரும்பாலும் சறுக்குவது 15க்கும் 25க்கும் நடுவில்தான். மரியாதை வந்த உடனே காதலைச் சொல்ல வைத்துவிடுகிறார்கள், மிச்ச அத்தியாயங்களை ஓட்ட ஒரு மாமன் மகளோ பொய்க் கடிதமோ வந்து சேர்கிறது.

கொண்டை ஊசி வளைவில் கார் பழுதாகி மழையில் மாட்டிக்கொள்வதை இனி விட்டுவிடுங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 வளைவுகள் இருக்கின்றன. 20லும் ஏற்கெனவே ஜோடிகள் நின்றாகிவிட்டது. மழையும் காய்ச்சலும் இருவரைப் பக்கத்தில் உட்கார வைக்கும், அவ்வளவுதான். மனம் மாற, ஒருவர் மற்றவரைப் பற்றி நினைத்திருந்தது தவறு என்பதற்குக் கண்ணெதிரே ஓர் ஆதாரம் வேண்டும்.

மன்னிப்பு எங்கே அவமானப்படுத்தினானோ அங்கேயே நடக்கட்டும். எடைமேடையில் பத்துப் பேர் முன்னால் "பொய்க் கணக்கு எழுதறவ" என்று சொல்லிவிட்டு, மொட்டை மாடியில் தனியாகக் கண் கலங்கினால் செல்லாது. அதே பத்துப் பேர் கேட்க வேண்டும்.

இப்படித் திருத்தச் சொன்னால், "ஊடல் இல்லாமல் காதலா? சங்கப் பாட்டிலேயே இருக்கிறதே" என்று பதில் வருகிறது. மருதத் திணையின் உரிப்பொருள் ஊடல்தான். ஆனால் அங்கே ஊடுகிறவள் அவனை ஏற்கெனவே தன் வாழ்க்கையில் ஏற்றுக்கொண்டவள். தவறியவன் அவன், திரும்பி வந்து வாயிலில் நின்று கெஞ்சுகிறவனும் அவன். உள்ளே விடுவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணை மட்டம் தட்டுவதற்கு மருதத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

வாசிக்கிற தங்கைகளிடமும் ஒரு வார்த்தை. உன்னை விரட்டி விரட்டிக் குறை சொல்லும் மேலதிகாரி உள்ளுக்குள் உருகிக்கொண்டிருக்கிறான் என்று கதை சொன்னால் நம்பாதே அம்மா. அந்தக் குறையில் உன் உடலோ உடையோ பேசப்பட்டால் அதற்கு, பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை மாதிரி நாலைந்து பேர் வேலை செய்யும் இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். தேதி, நேரம், பக்கத்தில் இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றே குறித்து வை.

எழுதுகிறவர்களிடம் கடைசியாக ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கல்யாணம் நிச்சயமானதும் நாயகியை ராஜினாமா செய்ய வைக்காதீர்கள். அவன் விரும்பியதே 25ஐ 25 என்று எழுதிய அந்தக் கையைத்தான். கணவன் வாங்கிவரும் கிழங்குக்கு மனைவியே பாயிண்ட் எழுதுவது சரிப்படாது என்று தோன்றினால், அவன் லோடுகளை மட்டும் வேறொருவர் பார்க்கும்படி முதலாளி ஏற்பாடு செய்யட்டும், அல்லது அவன் ஜவ்வரிசி விற்பனைப் பக்கம் மாறட்டும். அதற்கு அரை அத்தியாயம் போதும்.