ஹெட்டைக் கழற்றுமுன் கம்ப்ரஷனை அளந்து பாருங்கள்

பழைய காரில் பிக்கப் குறைகிறது. காலையில் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருக்கிறது, ஐடிலில் ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. இப்படி வரும் வண்டிகளுக்குப் பல இடங்களில் உடனே கிடைக்கும் பதில், 'இன்ஜின் வேலை இருக்கு.' இருக்கலாம். ஆனால் எந்த சிலிண்டரில், எந்த வழியாக கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ஏறும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம், கசிகிறது என்று பார்க்காமலே அதைச் சொல்லக் கூடாது. வால்வு வேலையோடு முடிய வேண்டிய வண்டிக்கு ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்), பிஸ்டன், போரிங் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) என்று செலவு இழுப்பது அளக்காமல் திறப்பதால்தான்.

கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 796 சிசி, மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் உள்ள பகுதி), டைமிங் பெல்ட். மற்ற பெட்ரோல் கார்களுக்கும் முறை இதேதான். டீசலில் அழுத்தம் இதைவிட மிக அதிகம் என்பதால் பெட்ரோல் இன்ஜினுக்கான கம்ப்ரஷன் கேஜை (அழுத்தம் காட்டும் முள் மீட்டர்) அதில் மாட்டக் கூடாது.

முதலில் மிஸ் அடிக்கும் சிலிண்டரைக் கண்டுபிடியுங்கள். இன்ஜினை நிறுத்தி, ஒரு பிளக் கேப்பைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கை மாட்டி, பிளக்கின் உடலை இன்ஜினோடு எர்த் ஆகும்படி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் மாறாவிட்டால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அதன் பிளக்கையும் வயரையும் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் அது கரண்ட் பக்கத்துக் குறை, கம்ப்ரஷன் அல்ல. டேப்பெட் கிளியரன்ஸையும், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியையும், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்த்துவிடுங்கள். டேப்பெட் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, நல்ல இன்ஜினும் குறைந்த அளவு காட்டும். எல்பிஜி போட்ட வண்டிகளில் இதை விடவே கூடாது. அவற்றில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் ஏறி, கிளியரன்ஸ் தானாகவே குறைந்துகொண்டு வரும். கவனிக்காமல் ஓட்டினால் வால்வு எரிந்துவிடும்.

அளக்கும் முறை

இன்ஜின் ஓடிச் சூடாகியிருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். பிளக் குழிகளில் உள்ள மண்ணைக் காற்றடித்து எடுத்துவிட்டு, மூன்று பிளக்குகளையும் கழற்றுங்கள். கொதிக்கும் சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை பிய்த்துக்கொண்டு வரும், சற்று ஆறவிடுங்கள். இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரண்டைத் துண்டியுங்கள். திறந்த துளைகளிலிருந்து பெட்ரோல் ஆவி வரும்போது பக்கத்தில் ஒரு ஸ்பார்க் அடித்தால் தீப்பிடிக்கும். எம்பிஎஃப்ஐ வண்டியாக (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ளது) இருந்தால் பெட்ரோல் பம்ப் ரிலேயையும் எடுத்துவிட வேண்டும்.

சோக் திறந்திருக்கட்டும். மரையுள்ள கேஜை கையால் முறுக்கி மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்தபடி, முள் ஏறுவது நிற்கும்வரை செல்ஃப் அடியுங்கள். ஐந்தாறு துடிப்பில் நின்றுவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்த மறந்தால் எல்லா சிலிண்டரும் குறைவாகத்தான் காட்டும். பட்டறைகளில் நடக்கும் பெரிய தப்பு இதுதான்.

கடைசி அளவோடு முதல் துடிப்பின் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் தாழ்வாகத் தொடங்கி ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறிக்கொண்டே போனால் ரிங் மேல் சந்தேகம். தாழ்வாகத் தொடங்கி அங்கேயே நின்றால் வால்வு மேல்.

சரியான அளவு எது என்பதை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில்தான் பார்க்க வேண்டும். ஆனால் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் அதைவிட அதிகம் பேசும். மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 160, 155, 110 பிஎஸ்ஐ என்று வந்தால் மூன்றாவது 69 சதவீதம்தான், கோளாறு அங்கே. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். மூன்றும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஊட்டியில் அளக்கிறீர்கள் என்றால் பதறாதீர்கள். 2,200 மீட்டருக்கு மேல் காற்றழுத்தமே குறைவு, சமவெளி அளவைவிடக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைத்துத்தான் காட்டும்.

ஆயில் விட்டுப் பார்ப்பது

குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்வதால் அளவு நன்றாக ஏறினால் தேய்மானம் ரிங்கிலோ போரிலோ (சிலிண்டரின் உட்சுவர்) இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு, கேஸ்கெட் அல்லது ஓட்டை விழுந்த பிஸ்டன். ஆயிலை அள்ளி ஊற்றாதீர்கள். உள்ளே இடம் குறைவதால் மட்டுமே அளவு ஏறும், கெட்டுப்போன வால்வும் நல்லது போலத் தோன்றும்.

இன்னும் சந்தேகம் என்றால் லீக் டவுன் டெஸ்ட். அந்த சிலிண்டரை கம்ப்ரஷன் டிடிசிக்கு (வால்வுகள் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கொண்டுவந்து, கிராங்க் சுற்றாமல் பிடித்துவைத்து, பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்தி, காதை வைத்துக் கேளுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல் விட்ட ஹெட். ஆயில் வாயில் லேசாகக் கேட்பது எல்லா இன்ஜினிலும் உண்டு, அதை வைத்து ரிங் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

நீலப் புகையை மட்டும் பார்த்து ரிங் மாற்றச் சொல்பவரிடம் கம்ப்ரஷன் அளவைக் கேளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகை வந்து, பிறகு நின்று, மூன்று சிலிண்டரும் நன்றாகக் காட்டினால் பெரும்பாலும் வால்வு சீல்தான் இறுகிப்போயிருக்கும். ஆயில் ரிங் மட்டும் அடைத்துக்கொண்டாலும் கம்ப்ரஷன் நன்றாகவே இருக்கும், ஆயில் மட்டும் குறையும். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் ரிங் ஒட்டிக்கொண்டோ வால்வு சீட்டில் துரு பிடித்தோ அளவு விழும். அதைச் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி அளந்த பிறகே எதையும் திறக்க வேண்டும்.

ரிங்தான் என்று உறுதியானாலும் புது ரிங்கை அப்படியே போட்டு மூடவிடாதீர்கள். லேத்தில் ஒவ்வொரு போரையும் மேல், நடு, அடி மூன்று இடத்திலும், குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். போர் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் புது ரிங் சுவரோடு ஒட்டாது. அதற்கு போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அளவு வரம்புக்குள் இருந்தால் ஹோனிங் (போர் சுவரை லேசாகத் தேய்ப்பது) செய்து ரிங் போட்டாலே போதும், ரிங் வாய் இடைவெளியை (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ளது) மட்டும் போருக்குள் வைத்து அளந்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.