கல்யாணத்தைப் பற்றி ஜெர்மனில் கருத்துச் சொல்லும்போது

ஜெர்மன் மொழியில் பி1 என்னும் இடைநிலைக்கான மாதிரி வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் நாற்காலியில் நான். மாணவிக்கு வந்த தலைப்பு, 'கல்யாணம் இன்றைக்கும் அவசியமா?' நன்றாகத்தான் ஆரம்பித்தார். சொந்த அனுபவம் சொல்ல வேண்டிய இடம் வந்ததும், 'எனக்கு நடந்தது ட்ஸ்வாங்ஸ்ஹைராட்' என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, கணவர் எவ்வளவு நல்லவர் என்று பேசிக்கொண்டே போனார்.

வீட்டில் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் என்று சொல்ல நினைத்திருக்கிறார். அவர் சொன்னதோ கட்டாயக் கல்யாணம். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தில் 2011 முதல் அதற்கென்றே 237ஆம் பிரிவு இருக்கிறது; மிரட்டியோ அடித்தோ கல்யாணம் செய்துவைத்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. பெற்றவர்களை ஒரே சொல்லில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார் பாவம். அவருக்குத் தேவைப்பட்டது 'அராஞ்ஷீயெர்ட்டெ ஏஎ'.

இந்தத் தலைப்பில் நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இலக்கணத்தால் அல்ல என்பது என் அனுபவம். சொல்லப்போனால் இலக்கணம் நமக்குச் சாதகம். 'இஷ் ஃபின்டெ, டாஸ் தீ ஏஎ விஷ்டிஷ் இஸ்ட்' (கல்யாணம் முக்கியம் என்று நினைக்கிறேன்) என்பதில், 'என்று' என்ற பொருளில் 'டாஸ்' வந்ததும் 'இஸ்ட்' என்ற வினை கடைசிக்குப் போய்விடுகிறது. தமிழில் வினை உட்காரும் இடமும் அதுதானே? ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு ஜெர்மனுக்குத் தாவுகிறவர்கள்தான் 'இஸ்ட்'டை நடுவில் செருகுகிறார்கள். 'மைனெர் மைனுங் நாஹ்' (என் கருத்துப்படி) என்று தொடங்கினால் மட்டும் வினை உடனே அடுத்து வர வேண்டும். அதோடு 'நான் நினைக்கிறேன்' என்பதையும் ஒட்டாதீர்கள். ஒரு கருத்துக்கு ஒரு முன்னுரை போதும்.

கல்யாணம் என்ற நம் ஒரே சொல்லுக்கு அங்கே இரண்டு. விழா நாள் 'ஹொக்ட்ஸைட்', அதற்குப் பிறகு வாழும் வாழ்க்கை 'ஏஎ'. 'என் ஹொக்ட்ஸைட் பத்து வருஷமாக நடக்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்தார். பந்தி இன்னும் முடியவில்லையா என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அதேபோல, 'அவரோடு கல்யாணம்' என்ற பழக்கத்தில் 'ஹைராட்டன்' (மணப்பது) வினையோடு 'மிட்' (ஓடு) சேர்ப்பார்கள். 'இஷ் ஹாபெ ஈன் கெஹைராட்டெட்' (நான் அவரை மணந்தேன்), அவ்வளவுதான். 'மிட்' வருவது 'ஃபெர்ஹைராட்டெட்', அதாவது மணமானவர் என்று சொல்லும்போது.

இதையெல்லாம் விட ஆபத்தானது 'முஸ் நிஷ்ட்'. 'யாரையும் கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது' என்று சொல்ல வந்து, ஆங்கில 'மஸ்ட் நாட்' பழக்கத்தில் 'முஸ் நிஷ்ட்' போடுகிறார்கள். அதற்குப் பொருள் 'கட்டாயப்படுத்த வேண்டிய அவசியமில்லை'. விருப்பமிருந்தால் கட்டாயப்படுத்தலாம் என்றல்லவா கேட்கிறது! கூடாது என்பதற்கு எதிர்மறைச் சொல்லோடு 'டார்ஃப்': 'மன் டார்ஃப் நீமான்டென் ட்ஸூர் ஏஎ ட்ஸ்விங்கென்.'

இன்னொன்று, 'அது அவரவர் விருப்பம்' என்று சொல்லி நழுவுவது. நம் பேச்சில் அது மரியாதை. தேர்வில் பாதிப் பதில். 'டாஸ் முஸ் யேடெர் ஸெல்ப்ஸ்ட் எண்ட்ஷைடென்' என்று அதையே சொல்லலாம், தப்பில்லை. ஆனால் பின்னாலேயே ஒரு 'வைல்' வர வேண்டும், ஏனென்றால் என்று. எதிரில் இருப்பவரோடு ஒத்துப்போகாவிட்டால் 'டாஸ் ஸேஎ இஷ் ஆன்டெர்ஸ்' என்று நேராகச் சொல்லலாம். அதை யாரும் சண்டையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 'கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்வது தப்பு' என்று பொது விதியாக அறிவிப்பதுதான் கரடுமுரடாகக் கேட்கும். 'ட்ரௌஷைன்', அதாவது திருமணச் சான்றிதழ், இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் அங்கே ஏராளம். 2017 அக்டோபர் 1 முதல் ஒரே பாலினத்தவரும் மணந்துகொள்ளலாம். உங்கள் கருத்து எதுவானாலும் இருக்கட்டும், 'எனக்கு' என்று தொடங்குங்கள்: 'ஃப்யூர் மிஷ்...'

சரி, அந்த மாணவிக்கு வருவோம். சொல்லின் பொருளைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த வாரம் அதே தலைப்பை அவரே கேட்டு வாங்கினார். 'அராஞ்ஷீயெர்ட்' என்ற சொல்லைக்கூடத் தொடவில்லை. 'என் பெற்றோர் அவரைக் காட்டினார்கள்' என்று எளிமையாகச் சொல்லிவிட்டு, 'ஆபெர் இஷ் ஹாபெ எண்ட்ஷீடென்' என்றார், 'ஆனால் முடிவெடுத்தது நான்' என்று. 'இஷ்' (நான்) என்னும்போது மேசையில் விரலால் ஒரு தட்டு.