கீழறைத் துடிப்புக் கோளாறு: அப்ளேஷனுக்குக் காப்பீட்டு அட்டை செல்லுமா?

ஸ்டென்ட், பைபாஸ் என்றால் உடனே காப்பீட்டு அட்டையைத் தேடுகிறவர்கள், இதயத் துடிப்புக் கோளாறுக்கு டாக்டர் ‘அப்ளேஷன்’ என்றதும் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கேள்விப்படாத பெயர் என்பதுதான் காரணம். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் இதய மின்னோட்ட ஆய்வும் அதனோடு செய்யும் ரேடியோ அலை அப்ளேஷனும் உண்டு. தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 2018 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தே நடக்கிறது.

சிகிச்சையைக் கொஞ்சம் புரிந்துகொண்டால்தான் கவுன்ட்டரில் சரியாகக் கேட்க முடியும். இதயம் துடிப்பதற்கான மின் கட்டளை மேலறையிலிருந்து வர வேண்டும். அதற்குக் காத்திராமல் கீழறையில் ஓரிடம் தானே மின்சாரத்தைக் கிளப்பினால் துடிப்பு தறிகெட்டு ஓடும். தலை சுற்றும், மயக்கம் வரும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். அப்ளேஷனில், டாக்டர் தொடை இடுக்கிலுள்ள ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறு கிளம்பும் இடத்தைத் தேடிப் பிடித்து, ரேடியோ அலையின் சூட்டால் அந்தத் திசுவை மட்டும் செயலிழக்கச் செய்கிறார். நெஞ்சைத் திறப்பதில்லை.

இதில் இரண்டு வகை நோயாளிகள் உண்டு. இதயத்தின் அமைப்பில் குறையே இல்லாமல், பெரும்பாலும் வலது கீழறையின் வெளிவாசல் பகுதியில் கோளாறு தோன்றுபவர்கள் முதல் வகை. இவர்களில் பலருக்கு அப்ளேஷனோடு தொல்லை தீர்ந்துவிடும். மாரடைப்பு வந்து தழும்பு விழுந்த இதயம் உள்ளவர்கள் இரண்டாம் வகை. அப்ளேஷன் இவர்களுக்குத் துடிப்புத் தாக்குதல்களைக் குறைக்கும். ஆனாலும் பலருக்கு ஐ.சி.டி. என்னும் கருவியும் வேண்டியிருக்கும். உடலுக்குள் வைக்கும் இது, துடிப்பு தறிகெட்டால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும். கருவி வைக்கச் சொன்னால், அதற்கும் அப்ளேஷனுக்கும் காப்பீட்டுத் திட்டத்திடம் தனித்தனி முன் அனுமதி கேட்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் உச்சவரம்பான ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. இதே ஆண்டில் வீட்டில் வேறொருவருக்கு ஸ்டென்ட் வைத்திருந்தால் மீதி எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும்.

முதலமைச்சர் திட்டத்தில் தகுதிக்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு வருமான வரம்பு இல்லை. இது அவர்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை. 70 வயது நிறைந்தவர்களுக்கு, 2024 அக்டோபர் முதல், வருமானம் எவ்வளவானாலும் ஆயுஷ்மான் பாரத் அட்டை கிடைக்கிறது. பழைய நோய் என்று சொல்லி ஒதுக்க இந்தத் திட்டத்தில் இடமில்லை.

பலர் சறுக்குவது மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போதுதான். வாசலில் திட்டத்தின் பலகை தொங்குவதாலேயே அங்கே அப்ளேஷன் நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆஞ்சியோ செய்யும் எல்லா இடங்களிலும் மின்னோட்டக் கோளாறுக்கான நிபுணரும் கருவியும் இருப்பதில்லை. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில், இந்தச் சிகிச்சையின் பெயரைச் சொல்லி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை எது என்று கேளுங்கள்.

அடுத்தது முன் அனுமதி. ஈ.சி.ஜி., எக்கோ, டாக்டரின் குறிப்பு ஆகியவற்றை மருத்துவமனைதான் அனுப்பும். படபடப்பு இருந்த நேரத்தில் எடுத்த ஈ.சி.ஜி. உங்களிடம் இருந்தால், அது கசங்கிய தாளானாலும் பத்திரமாக வைத்திருங்கள். துடிப்பு சீரான பிறகு எடுக்கும் பத்து ஈ.சி.ஜி.க்கள் காட்டாததை அந்த ஒன்று காட்டிவிடும்.

திட்டம் கொடுப்பது தொகுப்புக் கட்டணம், அதாவது ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று முன்பே நிர்ணயித்த தொகை. மருத்துவமனை போடும் பில்லை அப்படியே கொடுப்பதில்லை. சிக்கலான கீழறைக் கோளாறுகளுக்கு முப்பரிமாண வரைபடக் கருவி தேவைப்படலாம். அதன் குழாய்கள் விலை கூடியவை. அவை தொகுப்பில் அடங்குமா என்பதை அட்மிட் ஆவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அனுமதி கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். அதே கட்டணமில்லா எண்ணில் புகாரும் சொல்லலாம். கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குறைதீர்க் குழுவிடமும் முறையிடலாம்.

மயங்கி விழுந்தவரை வீட்டில் வைத்துக்கொண்டு அட்டையைத் தேடாதீர்கள். முதலில் 108.