அக்கி: அந்த முதல் 72 மணி நேரம்

இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம், தீப்பட்டதுபோல் எரிச்சல். பார்த்தவுடன் அக்கி என்று தெரிந்துவிடும். பலர் காவியால் அக்கி எழுதி, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் தோல் மருத்துவரிடம் வருகிறார்கள். எழுதிக்கொள்வதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த ஒரு வாரம்தான் பிரச்சினை.

அக்கி, சின்னம்மை, உதட்டுப் புண் எல்லாம் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்களின் வேலை. இவை தங்கள் மரபணுக்களை ஒரேயடியாக இயக்குவதில்லை. மூன்று கட்டமாக இயக்குகின்றன என்று வைரஸ் ஆய்வாளர்கள் ஹோனெஸ், ரோய்ஸ்மன் இருவரும் 1974-இல் காட்டினார்கள். உதட்டுப் புண் வைரஸில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. விபி16 என்ற புரதத்தை வைரஸ் தயாராகவே கையோடு கொண்டுவருகிறது. அது நம் செல்லின் புரதங்களையே கூட்டுச் சேர்த்து முதல் கட்ட மரபணுக்களை எழுப்பும். அதில் பிறக்கும் ஐசிபி4 என்ற புரதம் இல்லாமல் அடுத்த கட்டம் நகராது. ஐசிபி47 என்ற இன்னொன்று, தொற்றிய செல்லை நோயெதிர்ப்புச் செல்களின் கண்ணில் படாமல் மறைக்கிறது. படு கெட்டிக்காரத்தனம்! இரண்டாம் கட்டத்தில் டிஎன்ஏவை நகலெடுக்கும் கருவிகள் தயாராகும். நகல் எடுத்த பிறகே மூன்றாம் கட்டம், அதாவது வைரஸின் கூடும் உறையும், முழுவீச்சில் நடக்கும். அக்கி வைரஸும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் போகிறது.

நாம் தரும் அசைக்ளோவிர் மாத்திரை இரண்டாம் கட்டத்தைத்தான் பிடிக்கிறது. விழுங்கும்போது அது செயலற்ற மருந்து. அந்தக் கட்டத்தில் வைரஸ் செய்யும் தைமிடின் கைனேஸ் என்ற நொதிதான் அதை முடுக்கிவிடுகிறது. மீதியை நம் நொதிகள் முடிக்கின்றன. அப்புறம் அது வளரும் டிஎன்ஏ சங்கிலியில் போய் உட்கார, சங்கிலி அங்கேயே நின்றுவிடும். தொற்றாத செல்லில் அந்த நொதி இல்லாததால் பாதிப்பு மிகக் குறைவு.

சரி, ஏற்கெனவே மூன்று கட்டமும் முடிந்த செல்லில்? மருந்துக்கு அங்கே வேலையில்லை. நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸையும் அது தொடாது. அதனால்தான் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறோம். அதற்குப் பிறகும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் மருந்து தருவோம்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அளவைக் குறைக்க வேண்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரையும் பாருங்கள்.